பாக்கெட்டில் இருந்த காலனி

பாப்பா,

இங்கே உன் அம்மா சௌக்கியம், அவளுடைய மாவரைக்கும் மெஷின் சௌக்கியம், எதிர் வீட்டு நாய்கூடச் சௌக்கியம். என் இடது கண் மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் ராங்கு காட்டுகிறது. டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு கூர்மையான பார்வையை எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை என்று ஆடிப்போய்விட்டார். அங்கே குளிர் எப்படி, தலைக்குத் துணி கட்டுகிறாயா, புளி கிடைக்கிறதா என்பதையெல்லாம் அம்மா போனில் கேட்டுக்கொள்வாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அவசரம் உனக்கே புரியும். எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். வெள்ளிக்கிழமைக்குள் நீ படித்தாக வேண்டும்.

முந்தாநாள் நீ சொன்னாய்: "நைனா, வெள்ளிக்கிழம என் ஆராய்ச்சிய ஒப்படைக்கிறேன். நீ சொன்ன கததான் மொதப் பக்கத்துல வருது." கேட்டதும் நான் டீக்கடைக்கு ஓடினேன். அமெரிக்காவில் என் பெயர் அச்சாகிறது, அந்த நாட்டுத் தேர்தல் அதிகாரிகள் என்னைக் கேட்டுத்தான் இனிமேல் எதையும் செய்வார்கள் என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்கு வந்து இரண்டாவது தோசையைப் பிட்டேன். பிட்டதைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். போன விடுமுறையில் நீ பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் போனை வைத்து என் பேச்சைப் பதிவு செய்தாயே, அது ஞாபகம் வந்துவிட்டது. பெரிய தெருக்காரர்கள் பாடையை மறித்தபோது நான் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நின்றேன், அவர்களை இரண்டாகப் பிளந்துகொண்டு பிணத்தைத் தூக்கிப்போனேன், கட்சித் துண்டை அங்கேயே கழற்றி எறிந்தேன், வீடு வீடாகப் போய்க் காலனியின் ஓட்டையே மாற்றினேன் என்றெல்லாம் சொன்னேன். நீ அழுதாய். நானும் அழுதேன், அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தேன். பாப்பா, அதில் பாடை உண்மை. பெரிய தெரு உண்மை. ஓட்டு மாறியதும் உண்மை. நான் மட்டும் பொய்.

உன் அப்பன் பீலா விடுகிறவன் என்பது உனக்குத் தெரியாததல்ல. காலனிப் பிள்ளைகள் என்னைப் பீலா மாமா என்றுதான் கூப்பிடுகின்றன, நானும் திரும்பிப் பார்க்கிறேன். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு தூக்கிய காலத்தில் ஒரு முழுச் சுருள் தகட்டை ஒற்றைத் தோளில் தூக்கினேன் என்று உனக்குச் சோறு ஊட்டும்போது சொல்வேன். அதைத் தூக்கியது கிரேன். நான் கையைக் காட்டி ஓரமாக நின்றேன். அதனால் யாருக்கும் எதுவும் கெடவில்லை, உனக்கு இன்னும் இரண்டு வாய் சோறு இறங்கியது. ஆனால் பாடைக் கதையை நான் எனக்காகத் திருப்பிவிட்டேன். நீ அதை அச்சில் ஏற்றினால் செத்தவரையும் அவர் பெண்டாட்டியையும் மிதித்துக்கொண்டு நான் மேடை ஏறியதாக ஆகிவிடும். அதனால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, இதை வைத்துக்கொள்.

உன் படிப்பு என்ன என்று எனக்கு நீ மூன்று முறை விளக்கினாய், மூன்றாவது முறைதான் பிடிபட்டது. அந்த நாட்டின் தெற்குப் பக்க மாநிலங்களில் வெள்ளைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கட்சிக்குப் போட்டார்கள். கறுப்பின மக்களில் ஓட்டுப் போட முடிந்தவர்கள், அடிமைத்தனத்தை ஒழித்த கட்சி என்று எதிர்க்கட்சிப் பக்கம் நின்றார்கள். பிறகு பஸ்ஸில் உட்காரும் சீட்டுக்கு, ஓட்டலில் மேஜைக்கு, ஓட்டுச் சீட்டுக்கே போராட்டம் வந்தது. வெள்ளைக்காரர்களின் பழைய கட்சி மேலிடம் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது. கறுப்பின மக்கள் கூட்டமாக இந்தப் பக்கம் வந்தார்கள், தெற்கத்தி வெள்ளைக்காரர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போனார்கள். ரெண்டு குடும்பம் ஒரே நாளில் வீடு மாற்றிக்கொண்ட மாதிரி என்று நான் சொன்னதற்கு, "ஒரே நாள்ல இல்ல நைனா. போராட்டத்துக்கு முன்னாலயே, அந்தக் கட்சி சோத்துக்கும் வேலைக்கும் வழி பண்ணப்பவே, கறுப்பின மக்கள்ல பாதிப்பேரு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. அந்தப் பக்கம் போனவங்க முப்பது நாப்பது வருசமா போய்கினே இருந்தாங்க. நீ கதைல தாண்டுற மாதிரி ஒரே தாண்டாத் தாண்டல" என்றாய். அப்போதுதான் நான் வாயை விட்டேன்: "இதுல இன்னாம்மா ஆராய்ச்சி கீது? நம்ம காலனிக்கும் பெரிய தெருவுக்கும் நடந்தது அதானே." நீ போனை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தாய்.

அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. நான் சாத்தாங்காட்டில் லோடுமேன், காலனிக்குக் கட்சியின் பூத் ஏஜெண்ட். ஓட்டுச்சாவடிக்குள் கட்சி சார்பாக உட்கார்ந்து, வருகிறவர் பட்டியலில் உள்ள ஆள்தானா என்று பார்த்து டிக் அடிக்கிற வேலை. காலனி என் அப்பன் காலத்திலிருந்து எங்கள் கட்சிக்குத்தான் போடும், தெருவுக்கு விளக்குப் போட்டது அந்தக் கட்சி என்பதால். நம்மைத் தீண்டாத பெரிய தெரு அதே காலத்திலிருந்து எதிர்க்கட்சிக்குப் போடும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, மூக்கு மாதிரி அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது அது. எங்கள் வட்டச் செயலாளர் தேர்தல் நெருங்கினால் என்னைக் கூப்பிட்டு, "காலனி எப்டிப்பா?" என்பார். நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "தலைவரே, இங்க கீது, பாக்கெட்டுல" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கு ஒரு டீ வரும். என் வாழ்க்கையில் நான் விட்ட எல்லாப் பீலாவிலும் விலை அதிகமானது அதுதான். ஏனென்றால் அதை மட்டும்தான் அவர்கள் நம்பினார்கள்.

அந்த வருட மழையில் முனுசாமி அண்ணன் செத்துப்போனார். என்னோடு லோடு தூக்கியவர், என்னைவிடப் பாதி பேசி இரண்டு மடங்கு தூக்கியவர். நம் பிணங்கள் ரயில் பாதை ஓரமாகப் போய், கால்வாயின் சேற்றைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போகும். அன்று அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். பெரிய தெரு வழியாகப் போனால் பத்து நிமிடம், தார் ரோடு. பாடையைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக்குப் போனோம். பத்திருபது பேர் குறுக்கே நின்றார்கள். "இன்னிக்கு வுட்டா நாளைக்கு அதான் வயக்கமாயிடும்" என்றார் ஒருவர். மழை பாடை மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தகவல் கேள்விப்பட்டு வட்டச் செயலாளர் வந்தார். அவர் வந்ததும் நான், அதோ வந்துவிட்டார் நம்மாளு, இனி வழி கிடைக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் என்னை டீக்கடைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எலக்சன் வருது. இந்தத் தெருக்காரனுங்க மொத தடவையா நம்ம பக்கம் சாயுறானுங்க, கெடுத்துடாத. உன் ஆளுங்களத் தண்ணி வயியா இட்டுகினு போ."

"தலைவரே, இடுப்பளவு கீது."

"யோவ், காலனிதான் உன் பாக்கெட்டுல கீதே? உங்க ஓட்டு எங்க போயிடப் போவுது? ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம், போ."

என் பாக்கெட்டிலிருந்து என் வார்த்தையையே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குச் சொன்ன கதையில் இருக்கிறது. நான் செய்தது இது: கூட்டத்திடம் திரும்பி, என் பெரிய குரலில், "நாம இன்னா சண்டைக்கா வந்தோம்? கச்சி ஜெயிச்சதும் இதே தெருவுல ராஜா மாதிரி போலாம். இப்ப கால்வாப் பக்கம் திருப்பு" என்றேன். திருப்பினார்கள். எனக்குப் பயந்து அல்ல, என்னை நம்பி. தண்ணீருக்கு நடுவில் முன்னால் தூக்கியவனின் கால் சேற்றில் வழுக்கியது. பாடை சாய்ந்து, முனுசாமி அண்ணனின் ஒரு கை வெளியே வந்து தண்ணீரைத் தொட்டது. மாலை கழன்று ரயில் பாதைப் பக்கமாக மிதந்து போனது. நான் அந்தக் கையைப் பிடித்து உள்ளே வைத்தேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கம் இல்லை, ஆனால் அவர் பெண்டாட்டி காந்தா அக்கா பின்னாலேயே தண்ணீரில் இறங்கி வந்திருந்தாள். கரையேறியதும் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"யோவ் பீலா. நீ சொன்னதாலதான் வந்தோம். அந்தத் தெருவுல மெத்த வூடு கட்டுனப்பல்லாம் என் வூட்டுக்காரருதான் கம்பி தூக்கிகினு போனாரு. தோள்ல கம்பி போவலாம், அவரு போவக் கூடாதா?"

நான் குனிந்து பாடையின் முன்பக்கக் கம்பைத் தோளில் வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே ஒரு வக்கீல் அம்மா காந்தா அக்கா வீட்டுக்கு வந்தார். அவர் பெரிய தெருவின் பரம்பரைக் கட்சியைச் சேர்ந்தவர், அதாவது எங்களுக்கு எதிரி. காலனிக்குள் அந்தக் கட்சிக்காரர் யாரும் அதற்கு முன் செருப்பைக்கூடக் கழற்றியதில்லை. அவர் தரையில் உட்கார்ந்து, ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், எந்த இடத்தில் மறித்தார்கள் என்று காகிதத்தில் கோடு போட்டுக் கேட்டுக்கொண்டு போனார். பெரிய தெரு மாநகராட்சி ரோடு, யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்று மனுப் போட்டு உத்தரவு வாங்கினார். பொங்கல் கழிந்து காலனியில் அடுத்த சாவு விழுந்தபோது, போலீஸ் இரண்டு பக்கமும் நிற்க, அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தார். சாவு மேளம் பெரிய தெருவில் முதல் முறையாகக் கேட்டது. அன்றைக்கே பெரிய தெருவில், "நம்ம கச்சியே நம்மள வுட்டுடுச்சி" என்று கொதித்தார்கள், எங்கள் வட்டச் செயலாளர் அவர்களை வரவேற்றுச் சால்வை போட்டார். காலனியில் யாரும் கொதிக்கவில்லை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை. நான் ஓட்டுக் கேட்டுப் போனால், "ஆவட்டும் மாமா" என்று தண்ணீர் கொடுத்தார்கள். அந்த மரியாதையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தேர்தல் அன்று காலை கட்சிப் பட்டையைக் குத்திக்கொண்டு சாவடியில் உட்கார்ந்தேன். காந்தா அக்கா வந்தாள், விரலில் மை வைத்துக்கொண்டாள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டுவிட்டுப் போனாள். என் முறை வந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். என் அப்பனின் சின்னம் மேலே இருந்தது, அந்த வக்கீல் அம்மாவின் கட்சிச் சின்னம் கீழே. முனுசாமி அண்ணனின் கை தண்ணீரில் எவ்வளவு சில்லென்று இருந்தது என்பது ஞாபகம் வந்தது. கீழே அமுக்கினேன். கீ என்று சத்தம் வந்தது. யாருமே பார்க்காத அந்த அட்டைக்குப் பின்னால் மட்டும்தான் உன் அப்பன் பீலா விடாமல் இருந்தான். திரும்பி வந்து பட்டையைச் சரி செய்துகொண்டு கட்சி ஆளாக உட்கார்ந்தேன்.

எண்ணிக்கை நாளில், காலனிக்கு மட்டுமேயான எங்கள் பூத் மெஷின் மேஜைக்கு வந்தது. அதிகாரி பட்டனை அமுக்கி ஒவ்வொரு சின்னமாக வாசித்தார். எங்கள் சின்னத்துக்கு: ஒன்று. நான் மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் ஒன்று. காலனி முழுக்க ஒரே ஒரு ஓட்டு. வெளியே வந்ததும் வட்டச் செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "அத்தினி பேரும் துரோகம் பண்ணிட்டானுங்க. நீ ஒருத்தன்தான்யா விசுவாசி!" அந்த வருடமே எனக்குச் சால்வை, பதவி, போஸ்டரில் மூக்களவு படம். காலனியில் எனக்கு இன்னொரு பெயர் வந்தது, ஒத்த ஓட்டு மாமா. காந்தா அக்கா நம் வீட்டில் மாவு வாங்குவதை நிறுத்தினாள். ஒருநாள் தாங்க முடியாமல் டீக்கடையில், "நானும் உங்களோடதான்யா போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கடையே சிரித்தது. "பீலா வுடாத மாமா!" அதற்கு மேல் என்ன செய்வது? யார் அந்த ஒரு ஓட்டைப் போட்டது என்று வருடக்கணக்காக யோசித்தேன். கண் சரியாகத் தெரியாத கோவிந்தன் தப்பாக அமுக்கியிருப்பான் என்று முடிவு செய்து, அவனைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பாப்பா, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். யாராவது வந்து, இந்த மக்கள் என் கையில் என்று சொன்னால் அவனை எழுதாதே. அவன் கையில் யார் இருப்பதாகச் சொல்கிறானோ அவர்கள் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார். ஓட்டு மாறுவதற்கு ஆயிரம் காரணம் நீ படித்திருப்பாய், நான் கண்ணால் பார்த்த காரணம் ஒன்றுதான். எங்கே போய்விடப் போகிறார்கள் என்று ஒருவன் சொன்னான், அதைக் கேட்டுக்கொண்டு அவர்கள் போனார்கள். அங்கே நீ படிக்கிற மக்களுக்கும் யாரோ ஒரு வட்டச் செயலாளர் அப்படிச் சொல்லியிருப்பான், தேடிப்பார். இன்னொன்றையும் சேர்த்து எழுது, இது பீலா இல்லை. காலனி ஒருமுறை மாறியதும் மறுபடியும் மாறும் என்பது எல்லாக் கட்சிக்கும் தெரிந்துவிட்டது. பெரிய தெருவும் அப்படித்தான் ஆனது. இப்போது ஓட்டுக் கேட்டு வருகிறவன் "நம்மாளு" என்று தோளில் கை போடுவதில்லை, என்ன வேண்டும் என்று கேட்கிறான். இரண்டு தெருவும் சேர்ந்து கேட்டுத்தான் மழைநீர்க் கால்வாய் வந்தது. போன மாதம் நம் பக்கத்துச் சாவு ஒன்று பெரிய தெரு வழியாகப் போனது. நான் டாக்டரிடம் போய்விட்டு அந்தத் தாழ்வாரத்து டீக்கடையில்தான் நின்றிருந்தேன். கடையை இப்போது நடத்துகிற பையன் பாட்டை நிறுத்தினான், அடுப்பைத் தணித்தான், வெளியே வந்து பாடை தாண்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நான் டீயைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன்.

இதுவரை நேற்று எழுதினேன். காலையில் உன் அம்மா அரிசியை மெஷினில் போட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டே படித்தாள். சாவடிப் பக்கம் வந்ததும் மெஷினை நிறுத்தினாள். நான் அவளிடம்கூட என் ஓட்டைச் சொன்னதில்லை, அதனால் திட்டப் போகிறாள் என்று துண்டை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினேன்.

"எங்க ஓட்ற? ஒக்காரு" என்றாள். "கோவிந்தனுக்கு இனிமே டீ வாங்கிக் குடுக்காத. அந்த ஓட்டு என்னுது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கு நாஸ்தா துன்னாம போன. பட்டைய ரெண்டு தபா கயட்டிக் கயட்டிக் குத்துன. நீ மாத்திப் போடப் போறேன்னு எனுக்குத் தெரியும்யா. காலனில எல்லாரும் மாத்திதான் போடப்போறாங்கன்னும் தெரியும், தண்ணிக் கொயாயாண்ட அதான பேச்சு. ஒரு ஓட்டுகூட வுழலன்னா உன் தலைவருக்குப் புரியாதா, ஏஜெண்டே மாத்திட்டான்னு? மார்க்கெட்டுல சங்கம் அவங்க கையிலதான இருந்திச்சி. மக்யா நாள் காலைலயே உன் லோடு வேல போயிருக்கும். பாப்பாவுக்கு பீசு யாரு கட்றது?"

"நீ காந்தாவோட சேர்ந்து அழுதியேடி?"

"அழுதேன். அதுக்குப் போட வேண்டிய ஓட்டத்தான் உனக்காகப் போட்டேன்."

சால்வை போர்த்திக்கொண்டு நான் ஊர்வலம் போன அத்தனை வருடமும் இவள் மெஷினுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாப்பா. காந்தா அக்கா மாவு வாங்காமல் போனதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேட்டியா?" என்றாள். பிறகு வந்த தேர்தல்களில் யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். மெஷினைப் போட்டுவிட்டு, அதன் சத்தத்துக்கு மேல் சொன்னாள்: "எனுக்குப் புடிச்சவங்களுக்கு. நான் யாரு பாக்கெட்டுலயும் இல்ல."

காலையில் நடந்ததையும் எழுதிச் சேர்த்து, சாயங்காலம் இரண்டு பேரும் நோட்டை எடுத்துக்கொண்டு காந்தா அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் புருஷன் கதையை அவளைக் கேட்காமல் நீ அச்சடிக்கக் கூடாது இல்லையா? வாசலில் நின்றே படித்துக் காட்டினேன். அந்தக் கை தண்ணீரைத் தொட்ட இடத்தில் உன் அம்மா நோட்டை வாங்கி மிச்சத்தைப் படித்தாள். கடைசிவரை கேட்டுவிட்டுக் காந்தா அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "போடச் சொல்லு. அவரு பேர ஒயுங்கா எயுதச் சொல்லு, முனுசாமி, ரெண்டு சுழி" என்றாள். நாங்கள் திரும்பி நடக்க ஆரம்பித்தோம். நாலு எட்டு வைத்திருப்போம்.

"யேய்," என்று உன் அம்மாவைக் கூப்பிட்டாள், "நாளைக்கு மாவு கீதா?"

உன் நைனா

பின்குறிப்பு: டாக்டர் அம்மா கண்ணைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.